நாகலெட்சுமி கிள்ளிய இலை

தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தையா வீட்டு ஜன்னலுக்கு எதிரில் துரைசாணியின் கார் நின்றுவிட்டது என்ற செய்தி ஆபீசுக்கு வந்து சேர்ந்தபோது, இரண்டாம் கிளாக்கர் முத்துலிங்கம் உர மூட்டைகளைப் பற்றி ஒரு கடிதம் டைப் அடித்துக்கொண்டிருந்தான். செய்தியைக் கொண்டுவந்தவன் தபால்காரன் ஆண்டியப்பன். தினமும் டயகம தபால் கந்தோருக்கு நடந்துபோய் வருகிற அவன், பையில் சுமப்பதைவிட வாயில் சுமப்பது அதிகம்.

"சும்மா நிக்கலைங்க ஐயா. தொரசாணி காரை விட்டு எறங்குச்சு. ஜன்னல்ல பால் டின்னுல வச்சிருந்த செடிய உத்துப் பார்த்துச்சு. மொகம் செவந்து போச்சு. 'இது யார் வளத்தது? அந்த ஆள் எனக்கு வேணும்'னு கேட்டுச்சு."

முத்துலிங்கத்தின் விரல் ஓர் எழுத்தின் மேலேயே நின்றுவிட்டது.

"மருந்தையா என்ன சொன்னாரு?"

"என்னத்தச் சொல்வாரு? தெரியாதுங்க மேடம், காத்துல வந்து விழுந்திருக்கும்னாரு. காரு வளைவு திரும்பினதும் டின்னோட தூக்கி அடுப்புல போட்டுட்டாரு. கொஞ்ச நேரத்துல பங்களாவுல சமைக்கிற அப்பு ஓடிவந்து அந்தச் செடி எங்கேன்னு கேக்குறாரு. சாம்பல்தான் இருந்துச்சு."

ஆண்டியப்பன் அடுத்த வாசலுக்குச் செய்தியைக் கொண்டுபோனான். முத்துலிங்கம் மட்டும் பால் டின் காற்றில் பறந்து வருவதை மனக்கண்ணால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அந்த டின் எங்கிருந்து பறந்தது என்பது அவனுக்குத் தெரியும். அது அவனுடைய வீட்டிலிருந்துதான் போனது. மருந்தையா கொடுத்த இருமல் மருந்துக்கு நன்றியாக, அவன் மனைவி நாகலெட்சுமி தன் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தது.

கதை போன கிறிஸ்துமசுக்கும் முந்தின கிறிஸ்துமசில் தொடங்கியது. வருஷத்துக்கு ஒரு தரம் மூணுகல் தோட்டத்துத் துரை, உத்தியோகஸ்தர்களைக் குடும்பத்தோடு பங்களாவுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணியும் கேக்கும் கொடுப்பார். வெளி வராந்தாவில் ஒரு நீலப் பீங்கான் ஜாடியில் அந்தச் செடி இருந்தது. தண்டென்று எதுவும் இல்லை. தடித்த இலைகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, வெளிறிய நீலத்தில், நுனி மட்டும் சிவந்து, மெழுகில் வார்த்த தாமரை மாதிரி உட்கார்ந்திருந்தது. எல்லாரும் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாகலெட்சுமி ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் கும்பிட்டு விடைபெற்றபோது அவள் ஒற்றைக் கையால்தான் கும்பிட்டாள். மறு கை முந்தானைக்குள் இருந்தது.

நாகலெட்சுமிக்கு இது சுபாவம். ரோஜாக் குச்சி, செவ்வந்திக் கொப்பு, கறிவேப்பிலைக் கன்று என்று எதைப் பார்த்தாலும் கை நீண்டுவிடும். ஊன்றி வைத்தால் வேர்விடாது என்று யாராவது சொன்னால் அன்றைக்கு ராத்திரி அவளுக்குத் தூக்கம் வராது. ஆனால் இந்த இலையை அவள் ஊன்றவில்லை. கிள்ளிய காயம் உலரட்டும் என்று அடுப்புக்கு மேலே பலகையில் போட்டு வைத்தாள். பிறகு ஆற்று மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு பால் டின்னில் நிரப்பி, அதன்மேல் இலையைச் சும்மா படுக்க வைத்தாள். தண்ணீர் ஊற்றவே இல்லை. இந்தக் குளிரிலும் சாரலிலும் எல்லாச் செடியும் அழுகித்தான் சாகும், காய்ந்து செத்த செடி மலைநாட்டில் உண்டா என்பது அவள் கேள்வி. மாதம் ஒன்று போனதும் இலையின் அடியில் நூல் மாதிரி இளஞ்சிவப்பு வேரும், மிளகு அளவுக்கு ஒரு குட்டித் தாமரையும் வந்தன.

அந்தக் குட்டி வளர்ந்தது. அதன் இலைகளைக் கிள்ளிப் படுக்க வைத்தாள். அவையும் குட்டி போட்டன. இப்போது குசினி ஜன்னலில் வரிசையாகப் பால் டின்கள். ஏது என்று கேட்டவர்களுக்கு, கண்டியில் இருக்கிற அண்ணன் கொடுத்தது என்றாள். அவளுக்குக் கண்டியில் அண்ணன் கிடையாது.

முத்துலிங்கத்துக்கு இதில் ஒரு பெருமைகூட இருந்தது, நேற்று வரைக்கும். இன்று ஒரு நாற்காலி ஞாபகத்துக்கு வந்தது. சித்திரைக்குப் பிறகு பெரிய கிளாக்கர் வேலையை விட்டுத் திருச்சிக்குக் கப்பலேறுகிறார். அந்த நாற்காலிக்கு இரண்டு பேர்தான். ஒன்று முத்துலிங்கம். இன்னொன்று தேயிலை ஸ்டோர் கிளாக்கர் சின்னத்தம்பி. சின்னத்தம்பி நல்ல மனுஷன். எதைப் பற்றியும் யோசிக்கிற பழக்கம் இல்லாதவன். முத்துலிங்கமோ எல்லாவற்றையும் யோசிக்கிறவன். நாற்காலி மட்டும் இல்லை, கணப்பு அடுப்பும் வாசலில் தண்ணீர்க் குழாயும் உள்ள பெரிய குவாட்டசும் அதோடு சேர்ந்து வரும். பங்களாவில் திருடினவளின் புருஷனை அந்தக் குவாட்டசுக்கு அனுப்புவார்களா, பெட்டி படுக்கையோடு நானுஓயா ரயில் ஸ்டேஷனுக்கு அனுப்புவார்களா?

மத்தியானம் வீட்டுக்குப் போனதும் விஷயத்தைச் சொன்னான். எல்லா டின்னையும் உடனே தூக்கி எறியச் சொன்னான்.

"ஒரு எலைக்கா இந்தப் பாடு?" என்றாள் நாகலெட்சுமி. "நான் எடுத்தது ஒண்ணே ஒண்ணு. இங்க இருக்கிறது முழுக்க நான் வளத்தது."

"தொரசாணிகிட்ட அப்பிடிச் சொல்றியா?"

அவள் சோற்றை வடிக்கப் போய்விட்டாள். டின் ஒன்றையும் எறியவில்லை.

மறுநாள் அப்பு வேறொரு செய்தியை நழுவவிட்டான். துரைசாணி அந்த நீல ஜாடியை வராந்தாவிலிருந்து எடுத்து, தன் அறைக்குள்ளே கொண்டுபோய்க் கதவைப் பூட்டி வைத்திருக்கிறாளாம். யாரையும் உள்ளே விடுவதில்லையாம். மிச்சமிருக்கிற இலைகளையாவது காப்பாற்றத்தான் என்று தோட்டம் முழுவதும் புரிந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை நாகலெட்சுமி மாரியம்மன் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து முத்துலிங்கம் காரியத்தில் இறங்கினான். வேரோடு எறிந்தால் மறுபடி எடுத்து வைத்துவிடுவாள் என்று யோசித்தான். யோசிக்கிறவன் அல்லவா. அரிவாள்மணையை எடுத்து உட்கார்ந்து, ஒவ்வொரு செடியையும் இலை இலையாகப் பிய்த்து, நடுத்தண்டைத் துண்டு துண்டாக நறுக்கி, சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டுபோய், ஏழாம் நம்பர் மலையின் ஓரத்தில் கற்பாறைச் சரிவில் விதைக்கிற மாதிரி வீசிவிட்டு வந்தான். மாசி மாதம். மழை இல்லை. நல்ல வெயில். இரண்டே நாளில் காய்ந்து கருகிவிடும் என்று கையைத் தட்டிக்கொண்டான்.

கோயிலிலிருந்து வந்த நாகலெட்சுமி வெறும் ஜன்னலைப் பார்த்தாள். அழுதாள். இரண்டு நாள் ரசத்தில் உப்புப் போடவில்லை. முத்துலிங்கம் அதைச் சந்தோஷமாகவே சாப்பிட்டான்.

பங்குனி பிறந்து ஒரு நாள், கொழுந்து நிறுக்கிற இடத்தில் வீரம்மா என்ற கொழுந்துக்காரி அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஐயா, ஏழாம் நம்பர்ல நீங்க வெதச்ச பூ நல்லா வந்திருக்குங்க. எங்க லயத்துல எல்லாருமே ஆளுக்கு ஒண்ணு கொண்டுபோய் வச்சிட்டோம். என்னா அழகு."

"நான் எதையும் வெதைக்கலை" என்றான் முத்துலிங்கம்.

"வெதச்சீங்களே. சாக்கைக் கையில வச்சிக்கிட்டு வீசி வீசிப் போட்டீங்க. நான் மேல மலையில நின்னு பார்த்தேனுங்க. ஆபீசுல புதுசா ஏதோ பயிர் போடுறாங்கன்னு நெனச்சோம்."

அவன் ஏழாம் நம்பர் சரிவுக்கு ஓடிப்போய்ப் பார்த்தான். காயவேண்டிய ஒவ்வோர் இலையும் பாறை இடுக்கில் வேர்விட்டு, ஒவ்வொரு துண்டும் குட்டி போட்டு, பெண்கள் தோண்டி எடுத்துப்போனது போக மிச்சமே ஒரு பாத்தி அளவுக்கு இருந்தது. அவன் கொடுத்த வெயிலும் பாறையும்தான் அந்தச் செடி ஆசைப்பட்டதெல்லாம்.

வீட்டில் சொன்னபோது நாகலெட்சுமிக்குத் துக்கம் போன இடம் தெரியவில்லை. "கவ்வாத்து வெட்டின தேயிலை மாதிரி கெளம்பிடுச்சாக்கும்" என்று சிரித்தாள். ரசத்தில் உப்பு திரும்பிவந்தது.

அதற்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் அது பரவிவிட்டது. வாசற்படியில், கூரைத் தகரத்தின் மேல், உடைந்த சட்டியில், சிரட்டையில், காலில் போட்டுத் தேய்ந்த பழைய சப்பாத்தில். ஒருத்தி இலை கிள்ளி அடுத்த லயத்துக்கு மகளுக்குக் கொடுத்தாள். மகள் கிள்ளிச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தாள். செடிக்குப் பெயர் வேண்டுமே, அதையும் வைத்துவிட்டார்கள். கிளாக்கர் பூ. முத்துலிங்கம், ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற காலைப் பெரட்டுக்கு நடந்துபோகும்போது லயத்து வாசலில் ஒரு பெண் இன்னொருத்தியிடம் கிளாக்கர் பூவுக்குத் தண்ணி ஊத்தாதடி, செத்துடும் என்று சொல்வது காதில் விழுந்தது. நடையை எட்டிப் போட்டான்.

துரைசாணி லயத்துப் பக்கம் காலடி வைத்தவள் இல்லை. அதனால் அவள் கண்ணில் ஒன்றும் படவில்லை. ஆனால் தேடுவதை அவள் நிறுத்தவும் இல்லை. ஆஸ்பத்திரி, ஸ்டோர், பள்ளிக்கூடம் என்று காரில் சுற்றினாள். ஒரு காலையில் பெரட்டுக் களத்துக்கே வந்துவிட்டாள். அவள் பங்களாவில் கற்றுக்கொண்ட தமிழ் ஒரு கைப்பிடி அளவுதான். வா, போ, கொண்டா, வேணும், வேணாம். இதற்கு மேல் ஒரு துரைசாணிக்குத் தேவைப்படும் என்று சொல்லிக்கொடுத்தவர்களுக்குத் தோன்றவில்லை.

"அந்தச் செடி எனக்கு வேணும். யார்கிட்ட இருக்கு? சொல்லு" என்றாள்.

களம் முழுவதும் தரையைப் பார்த்தது. பங்களாவிலிருந்து எந்தக் கேள்வி வந்தாலும் அதற்குத் தெரியாது என்பதே சரியான பதில் என்பது மூணுகல் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தொட்டிலிலேயே தெரியும். கங்காணி தெரியாதுங்க என்றார். அவருக்குப் பின்னால் எல்லாரும் கோயிலில் பஜனை மாதிரித் தெரியாதுங்க என்றார்கள். முத்துலிங்கம் எல்லாரையும்விட ஒரு தரம் கூடுதலாகச் சொன்னான். துரைசாணியின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. எவ்வளவு ஆத்திரம் பார் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

எவளாவது ஒருத்தி கிளாக்கர் பூ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். அன்று மத்தியானம் முழுக்க யோசித்து, மறுநாள் பெரட்டில், துரை இல்லாத நேரம் பார்த்து அவனே ஓர் அறிவிப்புச் செய்தான். அந்தக் கொழுத்த இலைச் செடியில் ஒரு பூஞ்சணம் இருக்கிறது. தேயிலைக்கு வருகிற கொப்புள நோய்க்கு அதுதான் காரணம். ஆகவே எல்லாரும் தங்கள் செடிகளைச் சாயந்தரத்துக்குள் ஆபீஸ் பின்பக்கம் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும்.

சாயந்தரம் ஒரு செடியும் வரவில்லை. தலைவர் வீரய்யா வந்தார்.

வீரய்யா தோட்டத்துச் சங்கத் தலைவர். கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தாரென்றால் விவகாரம் என்று அர்த்தம். கோட்டுப் போட்டிருந்தார்.

"அந்தச் செடி பங்களா வராந்தாவுல வருசக் கணக்கா இருந்துச்சுங்களே ஐயா. அங்க இருந்தா அழகு, லயத்துல இருந்தா நோயா?"

முத்துலிங்கம் விஞ்ஞானம் என்று ஏதோ சொல்லப் பார்த்தான். வீரய்யா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எங்களுக்கு விஞ்ஞானம் தெரியாதுங்க. ஆனா ஒண்ணு தெரியும். கம்பெனி எதையாவது குடுத்துடுன்னு கேட்டா அதுல நமக்கு ஏதோ இருக்கு."

அன்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. ஒரு வீட்டுக்கு ஒன்று இருந்ததை இனி இரண்டாக வளர்ப்பது. இதுவரை செடியில் அக்கறை இல்லாதவர்களும் கூட்டம் முடிந்து போகும்போது ஆளுக்கு ஓர் இலை வாங்கிக்கொண்டு போனார்கள். வேலை நிறுத்தத்துக்குக்கூட அவ்வளவு ஒற்றுமையை வீரய்யா கண்டதில்லை.

இனிக் கேட்டு வாங்குவது நடக்காது. கொடுத்துத்தான் வாங்க வேண்டும். முத்துலிங்கம் வீரய்யாவைத் தனியாகக் கூப்பிட்டுத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, சங்கத்துக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டான். வீரய்யாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மேட்டு லயத்துக் கூரை ஒழுகுகிறது. நான்கு வருஷமாக மனுப் போட்டு மனுப் போட்டு அலுத்துவிட்டது. புதுத் தகரம் வந்தால் செடி போகும்.

சனிக்கிழமைதோறும் துரை, குதிரைப் பந்தயத்துக்கு நுவரெலியா கிளம்பும் அவசரத்தில், ஒரு கட்டுக் காகிதத்துக்குப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். தகரத்துக்கான உத்தரவு அந்தக் கட்டின் நடுவில் போய் உட்கார்ந்தது. அடுத்த வாரமே லொறியில் தகரம் வந்து இறங்கியது. மேட்டு லயத்தில் வீரய்யாவுக்கு மாலை போட்டார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷன் அவர். ஒரு வீட்டையும் விடாமல், ஏழாம் நம்பர் சரிவையும் சுரண்டி, செடிகளைச் சாக்குச் சாக்காகக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

இந்தத் தடவை முத்துலிங்கம் வெட்டவில்லை, வீசவில்லை, புதைக்கவும் இல்லை. பாடம் படித்திருந்தான். தேயிலை காயவைக்கிற ஸ்டோர் அடுப்புக்கு நேராகக் கொண்டுபோனான். அடுப்புக்காரன் செல்லசாமி, விறகுக்குப் பதிலாகச் சாம்பாருக்குப் போடுகிறதைக் கொண்டுவந்திருக்கிறீர்களே என்று முணுமுணுத்தான். தடித்த இலைகள் தண்ணீர் கக்கிச் சீறின, வெடித்தன, நெருப்பே அணைந்துவிடும் போலிருந்தது. முத்துலிங்கம் வேர்க்க வேர்க்க நின்று, கடைசி இலை சாம்பலாகிற வரைக்கும் கோலால் கிண்டிக்கொண்டே இருந்தான். அன்றைய தேயிலையில் ஒரு புகை வாசம் என்று டீமேக்கர் பிற்பாடு குறைப்பட்டுக்கொண்டார்.

மனம் லேசாகி வீட்டுக்கு வந்து, குளிக்க வெந்நீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போனான். கோழிக்கூட்டின் மேல் கவிழ்த்திருந்த கூடை கொஞ்சம் சரிந்திருந்தது. தூக்கிப் பார்த்தான். உள்ளே, பெரிய பிஸ்கோத்து டின்னில், தட்டகலத்துக்கு விரிந்து, நடுவில் பூங்கொத்து வேறு தலை நீட்டிக்கொண்டு, அத்தனைக்கும் தாய்ச்செடி உட்கார்ந்திருந்தது. கிள்ளிய இலையிலிருந்து முதன்முதலில் வந்தது. அவன் அரிவாள்மணையில் உட்கார்வதற்கு முன்பே அதை நாகலெட்சுமி ஒளித்து வைத்திருக்கிறாள்.

ஸ்டோர் அடுப்புக்கு இதையும் கொண்டுபோகத்தான் முதலில் நினைத்தான். டின்னைத் தூக்கிய பிறகு வேறொரு யோசனை வந்தது. வாழ்நாளில் அவனுக்கு வந்த யோசனைகளிலேயே அதுதான் சிறந்தது என்று அப்போது தோன்றியது. துரைசாணி ஓர் ஆளைத் தேடுகிறாள். ஆள் கிடைக்கிற வரைக்கும் விடமாட்டாள். ஆளைக் கொடுத்துவிட்டால்?

அன்று சாயந்தரம் மலையிலிருந்து பனிப்புகார் இறங்கி, எதிரே வருகிற ஆள் தெரியாதபடி மூடிக்கொண்டது. முத்துலிங்கம் டின்னைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு சின்னத்தம்பியின் குவாட்டஸ் பக்கம் போனான். சின்னத்தம்பி ஸ்டோரில் இருந்தான். அவன் வீட்டுக்காரி பிரசவத்துக்கு அட்டன் டவுனுக்குப் போயிருந்தாள். முன் ஜன்னல் படியில், ரோட்டிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிற மாதிரி டின்னை வைத்து, பூங்கொத்தை வெளிப்பக்கமாகத் திருப்பியும் விட்டு வந்தான்.

மறுநாள் காலையில் ஆண்டியப்பனிடம், ஸ்டோர் கிளாக்கர் வீட்டு ஜன்னலில் ஏதோ அழகான பூச்செடி இருக்கிறதாமே, நீ பார்த்தாயா என்று மட்டும் கேட்டான். அதற்கு மேல் அவன் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆண்டியப்பன் தபால் பையை எடுக்க மறந்தே ஓடினான்.

ஒரு மணி நேரத்துக்குள் கார் வந்தது. ஆபீஸ் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு முத்துலிங்கம் பார்த்தான். தூரம்; புகாரும் இன்னும் முழுக்கக் கலையவில்லை. துரைசாணி கார்க் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினாள். ஆமாம், ஓடினாள். டின்னைக் கையில் எடுத்தாள். ஸ்டோரிலிருந்து சின்னத்தம்பியை யாரோ கூட்டிவந்தார்கள். அவன் கைகட்டித் தலைகுனிந்து நின்றான். துரைசாணி கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசினாள். பிறகு அவனையும் டின்னையும் காரில் ஏற்றிக்கொண்டு பங்களாவுக்குப் போய்விட்டாள். பொலிசுக்கு அங்கிருந்து டெலிபோன் செய்வார்களாக்கும்.

முத்துலிங்கத்துக்குப் பாவமாகத்தான் இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிகிற வரைக்கும் இருந்தது. நாகலெட்சுமி கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து, அதையும் எரிச்சிட்டீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றான். அவள் சோற்றுச் சட்டியைக் கழுவப் போனாள். பெரிய கிளாக்கர் குவாட்டசில் முன்பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது, அங்கே ரோஜாவாக வைத்துக்கொள் என்று அவன் ஆறுதல் சொன்னான்.

மறுநாள் பங்களாவில் திருவிழா மாதிரி இருந்தது. துரையின் தாயார் சீமையிலிருந்து வந்திருந்தார். காலை ரயிலில் நானுஓயாவில் இறங்கி, துரையோடு காரில் வந்து சேர்ந்தார். அதற்கு அடுத்த நாள் துரை ஆபீசுக்கு வந்தார். வழக்கத்துக்கு மாறாகச் சிரித்த முகம். உத்தியோகஸ்தர்கள் எல்லாரையும் நிற்க வைத்துப் பெரிய கிளாக்கருடைய சேவையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். அப்புறம் அடுத்த பெரிய கிளாக்கர் யார் என்று சொன்னார்.

முத்துலிங்கம் ஓரடி முன்னால் எடுத்து வைத்தான். துரை சின்னத்தம்பியின் தோளில் கை வைத்தார்.

சின்னத்தம்பியின் முகத்தில் பெருமையைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. ஆனால் அவன் எதையும் யோசிக்கிற பழக்கம் இல்லாதவன். சரிங்க சார் என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்குப் போய்விட்டான்.

முத்துலிங்கம் எப்படி வீட்டுக்கு வந்து சேர்ந்தான் என்பது அவனுக்கே நினைவில்லை. குசினியில் பேச்சுக் குரல் கேட்டது. பங்களா ஆயா காளியாயி வந்திருந்தாள். நாகலெட்சுமியோடு வெற்றிலை போடுகிற சிநேகிதம் அவளுக்கு. இரண்டு மாதமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள், இன்றைக்குத்தான் மனுஷியாக மூச்சு விடுகிறேன் என்று காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள்.

ஆபீசில் நடந்தது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. துரைசாணி சொல்லித்தான் துரை ஸ்டோர் கிளாக்கர் ஐயாவுக்கு அந்த வேலையைக் கொடுத்தார் என்றாள். அந்த மனுஷனை அம்மா காரில் முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிவந்ததையும், கேக் வெட்டிக் கொடுத்ததையும் கண்ணால் பார்த்தவள் அவள்.

"கேக்கா?" என்றான் முத்துலிங்கம். "பங்களாவுல திருடின செடிய ஜன்னல்ல வச்சிருந்தவனுக்கு, கேக்கும் குடுத்து வேலையும் குடுக்குறதா? தொரசாணிக்குக் கோவமே இல்லையா?"

காளியாயி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவனை விநோதமாகப் பார்த்தாள்.

"கோவமா? அம்மாவோட செடி தை மாசமே அழுகிப்போச்சுங்க ஐயா, மூச்சு விடாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு. கல்யாணத்துக்குச் செடி குடுத்த மாமியா வந்து எறங்குறதுக்குள்ள அந்தச் சாதியில ஒரு எலையாவது எவனாவது குடுத்துட மாட்டானா, அவன் என்ன கேட்டாலும் குடுத்துடலாம்னு, அந்தம்மா தோட்டம் பூராவும் பிச்சைக்காரி மாதிரியில்ல அலைஞ்சிச்சு."